முன்பக்கத்து இரண்டு துளைகள்

மகளின் கொம்பியூட்டர் எப்போது முரண்டு பிடித்தாலும் நான் அறையை விட்டு எழும்பிப் போய்விடுவேன். அது ஏன் என்று போன ஆவணி மாதம் வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். அந்த மெசினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உடுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் அதுதான் உழைக்கிறது என்று தெரியும். மகள் அதில் நினைவு மலர் செய்து கொடுக்கிறாள். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முதலில் படம், பிறகு தேவாரம், பிறகு பிள்ளைகளும் சகோதரங்களும் அவரைப் பற்றிச் சொன்னவை, கடைசியில் நன்றி. மகள் பக்கங்களை அடுக்கிக் கொடுக்க, அச்சுவேலியில் ஒருவர் அச்சடிப்பார். மருமகனுக்கு வவுனியாவில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் மகளும் அந்த மெசினும்தான்.

நான் செய்த வேலை இதுதான். போன வருடம் சரஸ்வதி பூசையன்று, மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டில் உழைக்கிற சாமான்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தேன். தையல் மெசினுக்கு வைத்தேன், தேங்காய் துருவுகிற திருவலைக்கு வைத்தேன், மண்வெட்டிக்கும் வைத்தேன். கொம்பியூட்டர்ப் பெட்டியை மட்டும் விட மனம் வரவில்லை. வெறும் தகரத்தில் வைத்தபோது சந்தனம் வழுகியது. பெட்டியின் முகத்தில் கீழ்ப்பக்கமாகச் சின்னதாய் இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த இடத்தில் நன்றாகப் பிடித்தது. ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விட்டால் நொள்ளைக் கண் மாதிரித் தெரிந்தது. அதனால் இரண்டுக்கும் வைத்தேன். கல்லில் தடிப்பாக அரைத்த சந்தனம். மேலே குங்குமமும் வைத்தேன். அடுத்த நாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். வெளியே இருந்தது துணியோடு வந்தது. மற்றது உள்ளே போனது.

மூன்று நாள் கழித்து மகள் அந்தத் துளையில் எதையோ செருகப் பார்த்தாள். போகவில்லை. மற்றதிலும் பார்த்தாள்.

"முன்பக்கம் செத்துப்போச்சு," என்றாள். "பழசுதானே. பின்னாலை குத்துவம்."

நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வேண்டுமே. அதற்குப் பிறகு மெசின் மெதுவாக ஓடினாலும், திரை கறுத்தாலும், சந்தனம் உள்ளுக்குள் ஊறிப் போய்க்கொண்டிருக்கிறது என்றே எனக்குப் பட்டது. மகள் திட்டுவது மெசினை என்றாலும் என் முதுகில்தான் விழுந்தது.

எங்கள் குறுக்குத் தெருவில், அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஆடி மாதக் கடைசியில் காலமானார். பிள்ளைகள் இல்லை. நினைவு மலருக்கு அவர்தான் எழுத வேண்டும். ஆனால் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கொஞ்ச நாள்தான், குனிந்து எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மூன்று பின்னேரம் எங்கள் முன்னறைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து சொன்னார். சொல்லச் சொல்ல மகள் நேரே கொம்பியூட்டரில் அடித்தாள். கடதாசியில் ஒரு வரிகூட இல்லை. நான் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவு மறைவில் நின்று கேட்டேன். சில இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். மகளும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பக்கங்களைக் கொடுக்க வேண்டிய அன்று காலை, மெசின் எழும்பவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் நிற்பாட்டினாள், திருப்பிப் போட்டாள். பத்து மணி வரை அதே வட்டம்.

"தபால் மாமாவின்ரை எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத் தானே சொன்னாள்.

அச்சுவேலி அச்சக முதலாளி ஒரு மாதத்துக்கு முதலே அவளிடம் ஒரு பென்ட்ரைவ் கொடுத்திருந்தார். பழைய சிஸ்டம் களைத்துப் போய்விட்டது, அதன் பக்கத்தில் இன்னொரு சிஸ்டத்தைப் போடு, அதற்குள் இருந்துகொண்டு பழையதில் உள்ளதை எடுக்கலாம் என்று. வேலைக் கரைச்சலில் மகள் அதைத் தொடவில்லை. இப்போது அவருக்குப் போன் எடுத்து, சத்தமாகக் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள். நான் வாசற்படியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். எழும்பிப் போக மனம் வரவில்லை.

"அண்ணை, பழையதை அழிக்காதெல்லோ?"

"அழிக்காது தங்கச்சி. ஒரு வளவுக்குள்ளை ரண்டு வீடு மாதிரி. நடுவிலை தானே வேலி போடும்."

"வேலிச் சண்டை வராதோ?"

"உங்கடை ஊரிலை எண்டால் வரும். உதுக்கை வராது."

மகள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். தொடங்கும்போது கீபோட்டில் ஒரு கட்டையை அழுத்தச் சொன்னார். அழுத்தினாள், வேலை செய்தது. பிறகு எல்லாம் மவுஸால்தான். இடையில் திரையில் ஒரு பெட்டி வந்து, இதில் எழுதிப் பார் என்று கேட்டதாம். கீபோட்தான் இப்போது வேலை செய்ததே என்று அவள் எழுதிப் பார்க்காமல் தாண்டிவிட்டாள். கடைசியில், இடத்தைப் பிரிக்கட்டோ என்று கேட்டது. மகள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, ஓம் என்று கொடுத்தாள். ஒரு கோடு நகரத் தொடங்கியது.

கோடு நகர்ந்துகொண்டிருக்க, உன் பெயரை எழுது, கடவுச்சொல்லை எழுது என்று கேட்டது. மகள் அடித்தாள். ஒன்றும் விழவில்லை. பலமாக அடித்தாள். வேறு கட்டைகளை அடித்தாள். பெட்டி வெறுமையாகவே இருந்தது.

"அண்ணை, கீபோட் செத்துப்போச்சு."

"கழட்டிக் குத்து."

கழற்றிக் குத்தினாள். பக்கத்துத் துளையிலும் குத்தினாள்.

"லைற் எரியுதோ?"

"இல்லை."

"திரையிலையே எழுத்துப் பலகை ஒண்டு வரும். மூலையிலை தேடிப் பார்."

மவுஸால் மூலை மூலையாகத் தேடினாள். அப்படி ஒன்றையும் காணவில்லை.

"அப்ப நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடட்டோ?"

"நிப்பாட்டாதை," என்றார் அவர். குரலில் சிரிப்பும் பகிடியும் போய்விட்டன. "இப்ப வேலிக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டு நிக்குது. அரைவாசியிலை நிப்பாட்டினால் ரண்டு வளவும் இல்லாமல் போனாலும் போகும். உன்ரை பட்டரிப் பெட்டி கரண்ட் தாங்குமோ?"

"அது போய்க் கனகாலம்."

"அப்ப கரண்ட் போகாமல் இருக்கோணும்."

வெளியே சோளகக் காற்று. முருங்கை மரம் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. காற்றுக்கு எங்கள் ஒழுங்கையில் லைற் இமைப்பது புதினமில்லை. அன்றைக்குக் காலையிலும் இரண்டு முறை இமைத்தது. நான் கையில் இருந்த இலையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. என்னுடைய சந்தனம் கடைசியில் மெசினின் நெஞ்சுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். முதலில் முன்பக்கத்தைக் கொன்றது, இப்போது கீபோட்டைக் கொன்றது, இனி அந்த மனிசன் மூன்று பின்னேரம் சொன்னதையும் கொல்லப் போகிறது.

"கொஞ்சம் பொறு," என்றார் அச்சக முதலாளி. "தொடங்கேக்கை கீபோட் வேலை செய்தது எண்டனி?"

"ஓம்."

"அப்ப கீபோட்டிலை பிழை இல்லை. நீ குத்தியிருக்கிற துளைக்குள்ளை என்ன நிறம்?"

மகள் மேசைக்குக் கீழே தவழ்ந்து போனாள். "நீலம்."

"அதுதான். புதுச் சிஸ்டம் உன்ரை பெட்டியிலை நீலத்தை இன்னும் பிடிக்கேல்லை. கறுப்பிலை குத்து."

"பின்னாலை கறுப்பு ஒண்டுதான் கிடக்கு. அதிலை பென்ட்ரைவ். மவுஸ் பழைய வட்டத் துளையிலை, அதிலை கீபோட் போகாது."

"அதிலை கை வச்சிடாதை. முன்னுக்கு?"

"முன்னுக்கு ரண்டு கறுப்பு. ஆனால் ரண்டும் செத்துப் பத்து மாசம்."

"என்னண்டு செத்தது?"

"ஆருக்குத் தெரியும்?"

மகள் தரையில் இருந்தபடி மெசினைப் பார்த்தாள். அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகியிருந்தது. வெளி மனிதர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் கதைக்கிறவள் இல்லை. கலியாண வீட்டில்கூடப் பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வருகிறவள். ஆனால் லைற் மூன்றாவது தரமும் இமைத்தது.

"பிள்ளை," என்றேன். "அதுக்குள்ளை சந்தனம் கிடக்கு."

"என்ன?"

"சரஸ்வதி பூசைக்கு வச்சனான். ரண்டுக்கும் வச்சனான்."

மகள் என்னைப் பார்த்தாள். கோபமா என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. போன்தான் முதலில் கதைத்தது.

"ஆர் உது?"

"அம்மா."

"என்னவாம்?"

"துளைக்குள்ளை சந்தனம் வச்சவவாம்."

அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, "குங்குமமும் வச்சனீங்களோ அம்மா?"

"ஓம்," என்றேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதரோடு நான் கதைத்த முதல் சொல் அதுதான்.

"நல்லது. அப்ப செத்தது இல்லை, அடைச்சுக் கிடக்கு. காஞ்ச சந்தனம் உதிரும். ஊசி, கம்பி ஒண்டும் விடாதேங்கோ, உள்ளை கரண்ட் இருக்கு. ஈரமும் வேண்டாம். ஈர்க்கு இருக்கோ?"

கொல்லைப்புறத்து விளக்குமாற்றில் இருந்து நல்லதாய் ஒரு ஈர்க்கை உருவினேன். நுனியைச் சீவித் தட்டையாக்கினேன். மகள் வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. வைத்தவளுக்குத்தானே எவ்வளவு வைத்தாள் என்று தெரியும். நான் தரையில் இருந்தேன். அவள் ரோச் லைற்றைப் பிடித்தாள். துளைக்குள்ளே நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கிறது, அதை உடைத்தால் எல்லாம் முடிந்தது என்று போன் சொன்னது. நாக்குக்குக் கீழே மெதுவாக ஈர்க்கை விட்டுச் சுரண்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. பிறகு சிவப்பு. ஒரு கட்டி உள்ளே உருண்டது. அதை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. மூக்குத் தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

"ஏனம்மா சொல்லேல்லை?" என்றாள் மகள்.

"இப்ப கதை கேளாதை பிள்ளை. கை தவறிடும்."

"பத்து மாசம்."

கட்டி வந்தது. ஊதினேன். அவள் கீபோட் வயரைக் கொண்டுவந்து குத்தினாள். போகவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். அரைவாசி போய் நின்றது. மறுபடியும் ஈர்க்கு. மறுபடியும் ஊதினேன். அடுத்த தரம் உள்ளே போய் இருந்தது. கீபோட்டின் மூலையில் பச்சையாய் ஒரு பொட்டு எரிந்தது.

மகள் ஓடிப்போய் அடித்தாள். பெயர் விழுந்தது. கடவுச்சொல் கறுப்புப் புள்ளியாக விழுந்தது. கோடு தன் பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. அது முடியும் வரைக்கும் மகள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இமைக்கவில்லை.

முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. மெசினை நிற்பாட்டிப் போட்டபோது, எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று அதுவே கேட்டது. புதியதற்குள் போய், அங்கிருந்து பழையதற்குள் எட்டிப் பார்த்து, மகள் தபால்காரரின் புத்தகத்தைத் தேடிப் பிடித்தாள். திறந்தாள். பக்கம் நிறைய எழுத்து. ஒன்றும் தமிழ் இல்லை. இங்கிலீசு எழுத்துகள் தலைகால் தெரியாமல் சிதறிக் கிடந்தன. இடையிடையே காற்புள்ளியும் கொக்கியும்.

"என்ன பிள்ளை, இங்கிலீசாய்க் கிடக்கு?"

அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள், அதற்கடுத்ததையும் திறந்தாள். பிறகு சொன்னாள்.

"நாங்கள் அடிக்கிற தமிழ் எழுத்து இந்தப் புதுசுக்குள்ளை இல்லை. அதாலைதான். அண்ணையின்ரை மெசினிலை அந்த எழுத்து இருக்கு. அங்கை திறந்தால் தமிழாய் வரும்." திரும்பவும் திரையைப் பார்த்தாள். "வரோணும்."

இன்னொரு பென்ட்ரைவில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஸ்கூட்டியில் அச்சுவேலிக்குப் போனாள். போகும்போது என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசல் படலையில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. தபால்காரர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மற்ற நாளென்றால் மகள் இல்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவரும் போய்விடுவார்.

"பிள்ளை இல்லையோ அக்கா?"

"அச்சகத்துக்குப் போயிட்டா."

"அப்ப முடிஞ்சுது."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் திரும்பி சைக்கிளை எடுத்திருப்பார். என் வாய் அதைச் சொல்லவில்லை. இருங்கோ என்றேன். இருந்தார். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் சொன்னேன். வட்டம் சுற்றியது, இரண்டாவது சிஸ்டம், கீபோட், சந்தனம், ஈர்க்கு எல்லாம். அவ்வளவு சொற்களை ஒரே மூச்சில் நான் கதைத்து எத்தனையோ வருடம். அவர் குறுக்கே கேட்கவில்லை. முடிய, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"அப்ப அது இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு. இங்கிலீசாய் இருக்கு."

"என்ரை மனுசிக்கு இங்கிலீசு தெரியாதே," என்றார்.

பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"திருப்பிச் சொல்லெண்டால் எனக்கு ஏலாது அக்கா. அந்த மூண்டு நாளும் என்ன சொன்னனான் எண்டே தெரியாது. வாய் தானாய்ச் சொன்னது."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை. நானும் எதிர்க் கதிரையின் நுனியில் இருந்தேன். இரண்டு பேரும் மேசையில் கிடந்த என் சின்னப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை அடித்தது. எடுத்தால் ஏதோ விளம்பரம், சிங்களத்தில் ஒரு பெண் கதைத்தாள். வைத்துவிட்டேன்.

அடுத்த தரம் மகள்.

"அம்மா, வந்திட்டுது. தமிழாய் வந்திட்டுது."

"எல்லாமோ?"

"எல்லாப் பக்கமும்."

அது எனக்குப் போதாமல் இருந்தது. "வாசி பிள்ளை," என்றேன். "இஞ்சை அவர் இருக்கிறார். எல்லாம் சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு வாசிக்கத் தொடங்கினாள். நான் போனை அவருடைய காதுப் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கலியாணம் நடந்தது, முதல் குடியிருந்த வீடு, இடம்பெயர்ந்து போனது. அவருடைய உதடு கூடவே அசைந்தது. 'என் மனைவி என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை' என்று மகள் வாசித்தபோது அவர் கையைத் தூக்கினார், போனுக்கு அது தெரியும் என்ற மாதிரி.

"நிப்பாட்டு பிள்ளை. அந்த வரியை எடு."

"ஏன் மாமா? நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான். அது பொய். அவவின்ரை தமையன் செத்த தந்தி என்ரை கையிலைதான் வந்தது. சொல்லப் பயத்திலை அரைநாள் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வச்சுக்கொண்டு ஊர் முழுக்கக் காயிதம் குடுத்துக்கொண்டு திரிஞ்சனான். பின்னேரம்தான் சொன்னனான். அதுக்கு அவ என்னோடை கதைக்கேல்லை. சமைச்சு வச்சா, உடுப்புத் தோய்ச்சா, ஆனால் ஒரு சொல் கதைக்கேல்லை."

போனில் அச்சக முதலாளியின் குரல் தூரத்தில் கேட்டது. "சொல்லட்டும், சொல்லட்டும். அதையும் போடுவம். நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

"அதை எழுதட்டோ மாமா?" என்றாள் மகள்.

"எழுது. உள்ளதை எழுது."

"ஒரு மாசம் கதைக்கேல்லை எண்டு போடட்டோ?"

அவர் விரல்களை மடித்தார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, திரும்பத் திரும்ப முதல் கைக்கு வந்தார். நான் போனை நீட்டிப் பிடித்தபடி இருந்தேன். கை வலித்தது.

"ஒரு மாசமெண்டு போடாதை பிள்ளை," என்றார். "இருபத்தாறு நாள்."